இரண்டு முறை கொடுத்த தண்ணீர்

என் கணவர் யாவ் டுவோமோவுக்குக் காரமாகச் சூப் வைத்துக் கொடுத்தால் மூக்கில் நீர் வடியும், கண் சிவக்கும், ஆனால் வாய் மட்டும் ஓயாது. "பிராகோ, எனக்கு எரியற மாதிரிதான் உனக்கும் எரியுதா? உன் எரிச்சல் வேற, என் எரிச்சல் வேறன்னா அதை நாம எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பூகோளம் நடத்தித் தொண்டை வறண்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? "எரிஞ்சா தண்ணி குடிங்க. கண்டுபிடிக்க வேற ஆளைப் பாருங்க" என்பேன். அதற்கும் சிரிப்பார்.

கானாவில் எங்கள் ஊரான குமாசியில், ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். மனம் என்று தனியாக ஒரு ஆள் தலைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை, மூளை செய்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர், வேலை நின்றால் ஆளும் இல்லை என்பது அவர் கட்சி. எங்கள் மக்களுக்கு இது கேட்கவே ஆகாத பேச்சு. பிறக்கும்போது கடவுளிடம் விடைபெற்றுக் கொண்டு உள்ளே வருகிற கிரா என்ற உயிர் எல்லோருக்கும் உண்டு, மூச்சு நிற்கும்போது அது திரும்பிப் போகிறது என்றுதான் பச்சைப் பிள்ளையும் சொல்லும். இவர் அதை நம்புவதில்லை என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர்களுக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும், இவருக்கு இது என்று விட்டுவிட்டேன்.

அவருக்குச் சரிக்குச் சரியாக வாய்த்தவர் போவாடு. அதே துறை, பக்கத்து அறை. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. கிரா உண்டு என்பது அவர் கட்சி. ஆனால் கோயில்காரர் மாதிரி அல்ல, கணக்குப் போடுகிறவர் மாதிரி அதைப் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கிண்ணத்தில் ஃபுஃபு என்ற இடித்த களியை விரலால் கிள்ளிக்கொண்டே இவர் சொன்னார்: "மரவள்ளி இருக்கு. வாழைக்காய் இருக்கு. உலக்கை விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. இத்தனைக்கும் அப்புறம் 'ஃபுஃபு எங்கே, ஃபுஃபு எங்கே'ன்னு தனியா தேடுறான் பாரு இந்தக் கிறுக்கன்."

போவாடு வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஃபுஃபுவுக்குத் தான் இடிபடறது தெரியாதுடா. எனக்குத் தெரியுது. மூளைல எந்த நரம்பு துடிச்சுது, எந்த ரசம் ஊறிச்சுன்னு நீ ராத்திரி வரைக்கும் சொல்லு, கேக்கறேன். ஆனா ஏன் வலிக்கணும்? வலிக்காமலே அத்தனையும் நடந்திருக்கலாமே? அதைச் சொல்லு முதல்ல."

இவர் கண்ணை மேலே உருட்டிக் கூரையைப் பார்த்தார். யாராவது அபத்தமாகப் பேசினால் என் கணவர் அப்படித்தான் செய்வார். தலை அசையாது, புருவம் அசையாது, கண் மட்டும் கூரைக்குப் போய் அங்கே பல்லியைத் தேடுவது போல நிற்கும். மாணவர்கள் அதற்கு நடுங்குவார்கள். எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் பிரசங்கம் செய்தபோதும் இதைச் செய்து என் மானத்தை வாங்கினார்.

"பதில் இல்லேன்னா கூரையைப் பாக்க வேண்டியது" என்று போவாடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் ஃபோரிவா அக்கா. யாவுக்கு மூத்தவர். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவரை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவர் அவர்தான். கெஜெட்டியா சந்தையில் வாழைக்காய் மொத்த வியாபாரம். தாய்வழிக் குடும்பத்துக்கே மூத்த பெண் அவர் என்பதால் அங்கே அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"ஏண்டா, உள்ள யாரும் இல்லேன்னா இவ்வளவு நேரமா என் தலையைத் தின்னது யாரு?" என்றார் அக்கா. "இதுக்கா உனக்கு மாசச் சம்பளம்? என் கடைல வாழைக்காய் தூக்கறவன் இதைவிட உருப்படியா பேசுவான்."

அவர் தம்பியும் சிரித்தார். நாங்கள் எல்லோரும்தான் சிரித்தோம்.

அடுத்த பருவத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது அவர் விழுந்தார். "ஆக, இப்போது" என்று ஏதோ சொல்ல வந்தாராம், அதோடு சரி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தொண்டையில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மூளையின் அடித்தண்டில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள்.

சில வாரங்களில் மூச்சு தானாக வந்தது, கண் திறந்தது. கண் திறந்துவிட்டதே என்று நான் மூடத்தனமாகச் சந்தோஷப்பட்டேன். திறந்த கண் என்னைப் பார்க்கவில்லை. காலையில் திறக்கும், அலுத்தால் மூடும். கையைப் பிடித்தால் கை துணி மாதிரி கிடந்தது. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி இறங்கியது.

டாக்டர் ஆம்போமா சின்ன வயசுப் பெண். பொய் சொல்லத் தெரியாதவள். அதற்காகவே அவள்மீது எனக்குச் சில நாள் கோபம் கோபமாக வரும். "விரலைப் பிடிங்கன்னு சொல்றோம், பிடிக்கலை. விரலை இப்படியும் அப்படியும் கொண்டுபோறோம், கண் அது கூடவே வரலை" என்றாள்.

"உள்ள அவர் இருக்காரா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"எங்க மெஷின் இரத்த ஓட்டத்தைக் காட்டும்மா, மின்னோட்டத்தைக் காட்டும். ஆள் இருக்காரான்னு காட்டற மெஷின் இன்னும் யாரும் செய்யலை."

மூளையின் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு தீவு போல இருந்தது. பூகோள டீச்சருக்கு வரைபடம் புதிதா? அதில் ஆறு எங்கே, மலை எங்கே என்று சொல்லலாம். அங்கே இப்போது மழை பெய்கிறதா என்று சொல்ல முடியாது.

அப்படியே ஹர்மட்டான் காற்று வந்தது. சஹாராவின் புழுதி குமாசி முழுக்கப் படிந்து, ஜன்னல் கம்பியெல்லாம் மாவு பூசின மாதிரி ஆனபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்களை வரச் சொல்லிடுங்க" என்றாள்.

எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருக்கும் மட்டும்தான் ஒரு ஆண் பெண்டாட்டிக்குச் சொந்தம். சாகும்போது அவன் தாய்வழிக்குச் சொந்தம். அவர்கள் வந்தார்கள். அக்கா தலைமாட்டில் நின்றார். பெரியவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். அடக்கத்துக்கு எந்தச் சனிக்கிழமை வசதி, பந்தல் யாரிடம் எடுப்பது, துக்கத் துணி சிவப்பும் கறுப்பும் கட்டுவதா, கறுப்பு மட்டுமா. இரங்கல் சுவரொட்டிக்குப் பட்டம் வாங்கின அன்று எடுத்த போட்டோவே போதும் என்றார் ஒருவர். "அதுல பல்லு தெரியுது, செத்தவன் போட்டோவுல பல்லு தெரியலாமா?" என்றார் இன்னொருவர். என் கணவர் அங்கே படுத்திருக்கும்போதே பேசினார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர் அங்கே இருப்பதாக யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர் கண்கள் மேலே போயின. கருவிழி பாதி மறைந்து வெள்ளை தெரிந்தது. ஒரு தடவை இறங்கிவிட்டு மறுபடி ஏறின.

"கண்ணு செருகுது!" என்று கத்தினார் அக்கா. "தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்! என் பிள்ளை தாகத்தோட போயிடுவான்!"

கடைசித் தண்ணீர் வாங்காமல் போகிறவன் செத்தபின் ஏற வேண்டிய மேட்டில் நாக்கு வறண்டு நிற்பான் என்பது எங்கள் மக்களின் பயம். பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்ட மறந்தவளைக்கூட மன்னிப்போம், சாகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க மறந்தவளை மன்னிக்க மாட்டோம். அக்கா தம்ளரை வாங்கி, தம்பியின் தாடையைப் பிடித்து, துளித் துளியாக நாக்கில் விட்டார். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டியதைச் சொன்னார்:

"யாவ், உன் தாய்வழி ஜனம் எல்லாரும் தர்ற தண்ணி இது. குடி. குடிச்சுட்டுப் போ. திரும்பிப் பார்க்காதே. நோயையும் சண்டையையும் நீ கொண்டுபோ. எங்களுக்குப் பிள்ளையை அனுப்பு, மழையை அனுப்பு. இனிமே இது உன் வீடு இல்ல."

கண்கள் இன்னும் ஒருமுறை மேலே போய், பிறகு மூடிக்கொண்டன. அக்கா வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் என் கணவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சாகவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் கஞ்சி உள்ளே போயிற்று. டாக்டர் ஆம்போமா முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள், பாவம், அவளுக்கு இது நல்ல செய்தி.

எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கொடுத்த தண்ணீரைத் திரும்ப வாங்க எந்தச் சடங்கும் கிடையாது. விடை கொடுத்து அனுப்பியாயிற்று, ஆள் வாசலிலேயே நிற்கிறார். பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீர் குடித்த கிரா போய்விட்டது, கட்டிலில் இருப்பது வெறும் கூடு, மூக்குக் குழாயை எடுத்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள். அக்கா தலையசைத்தால் போதும். அக்கா தலையசைக்கவும் இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் வரவும் இல்லை.

நான் மட்டும் தினம் பள்ளி விட்டதும் போனேன். அவரிடம் பேசினேன். மாணவன் ஒருத்தன் நைல் நதியைக் கானாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து வரைந்ததைச் சொன்னேன், மின்சாரம் போனதைச் சொன்னேன். ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன். நர்ஸ் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கத் தம்ளரைக் கையில் எடுத்தாலே அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எடுத்தாலும் அப்படித்தான். "தூக்கம் வருதுபோல" என்றாள் நர்ஸ். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். போவாடு அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமை வழக்கத்தை அவர் விடவில்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகவே வாதம் செய்துவிட்டுப் போவார். அக்கா இளைத்திருந்தார். சந்தைக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

"போவாடு, என் தம்பி ஒண்ணு சொல்லுவானே, உள்ள யாரும் இல்லேன்னு. அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"எதுக்குக்கா இப்ப?"

"சொல்லுடா! அப்பல்லாம் சிரிச்சேன். இப்ப சிரிக்கலை." கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "மூச்சு இருக்கற வரைக்கும் கிரா உள்ளதான் இருக்கும்னு நான்தானே சொல்லிட்டிருந்தேன்? அப்படின்னா அன்னிக்கு அவன் உள்ள இருந்திருக்கான். என் முதுகுல வளந்த பிள்ளை மூஞ்சியைப் பாத்து, இது உன் வீடு இல்ல, போன்னு சொல்லியிருக்கேன். எனக்குத் தூக்கமே இல்லடா. அவன் சொன்னது நிஜம்னு சொல்லு. அன்னிக்கு இங்க யாரும் இல்லேன்னு சொல்லு. அப்புறம் குழாயை எடுக்கச் சொல்லிட்டு நான் நிம்மதியா இருப்பேன்."

என் கணவரின் வாதத்தை யாராவது ஒழுங்காகச் சொன்னால் அக்காவுக்கு மனப்பாரம் இறங்கும், என் கணவர் பட்டினி கிடந்து சாவார். இத்தனை வருடம் அந்த வாதத்தை நான் காதில் வாங்காமல் இருந்துவிட்டேன், அதற்கு இவ்வளவு பல் இருக்கும் என்று அப்போது தெரியவில்லை. போவாடுவைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. அந்த ஊரில் அந்த வாதத்தைத் தெளிவாகச் சொல்லக் கூடிய ஒரே ஆள் அவர்தான், வாழ்நாள் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றவர் ஆயிற்றே. சொல்லமாட்டேன் என்று மறுக்கவும் அவரால் முடியவில்லை, அக்கா அப்படி நின்றுகொண்டிருந்தார்.

அதனால் வேண்டுமென்றே கெடுத்துச் சொன்னார்.

"அதாவதுக்கா, யாவ் என்ன சொல்றான்னா... ஈரல்ல பித்தம் சுரக்கற மாதிரி மூளைல மனசுன்னு ஒரு தண்ணி சுரக்குது. அடி பட்டா அது ஒழுகிடும். அப்புறம் பாத்திரம் காலி."

அக்கா நெற்றியைச் சுருக்கினார். "இதுவா? இதுக்கா இத்தனை புஸ்தகம்?"

"இவ்வளவுதான்க்கா. தண்ணி போச்சு, ஆள் போச்சு. ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பு."

நான் அப்போது என் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், முகத்தில் ஒரு சதை அசையவில்லை. கண்கள் மட்டும் மெதுவாக உருண்டு மேலே போய்க் கூரையில் நின்றன.

"போவாடு" என்றேன். "போவாடு, அங்க பாருங்க."

போவாடு திரும்பினார். அந்தக் கூரைப் பார்வையை அவரைவிட அதிகம் வாங்கினவர் யார்? நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார். "யாவ்?" என்றார். "டேய், நான் சொன்னது அபத்தம்னா கீழ பாரு."

கண்கள் இறங்கின. கீழே, போர்வை வரைக்கும் இறங்கின.

"உன் வாதத்தை நான் தப்பா சொன்னேனா? ஆமான்னா மேல பாரு."

மேலே போயின. போவாடு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் டாக்டரைக் கூப்பிட நடையில் ஓடினேன்.

டாக்டர் ஆம்போமா வந்து சோதித்துப் பார்த்தாள். "மூளைல மேல எல்லாமே இருக்கும்மா. உடம்புக்குப் போற வழிதான் அறுந்துபோச்சு. கண்ணை மேலயும் கீழயும் கொண்டுபோற ஒரு வழி மட்டும் தப்பிச்சிருக்கு. நாங்க பக்கவாட்டுலயே சோதிச்சுக்கிட்டு இருந்துட்டோம். மன்னிச்சுடுங்க." மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துவிட்டுப் போனாள். அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.

அக்கா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தம்பி கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் வரவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் அது உறைத்தது.

"பிராகோ, அன்னிக்கும் இப்படித்தானே கண்ணு மேல போச்சு" என்றார். "கண்ணு செருகுதுன்னு நான்தானே கத்தினேன்?"

பெரியவர்கள் பந்தலையும் போட்டோவையும் பற்றிப் பேசினபோது அந்தக் கண்கள் மேலே போயின. ஒரு தடவை இறங்கி மறுபடி ஏறின. நானும் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்? கல்யாண நாளிலிருந்து பார்த்த பார்வை, எனக்கே தெரியவில்லை.

அக்கா கட்டிலருகே வந்து முழங்காலிட்டு, தன் முகத்தைத் தம்பி முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். "யாவ், என் கண்ணு. அன்னிக்கு நான் தண்ணி கொடுத்தேனே. என்னென்னமோ சொன்னேனே. நீ கேட்டியாடா? உள்ள இருந்தியா?"

அவர் அக்காவையே பார்த்தார். கண் நேராக நின்றது, அசையவே இல்லை. எனக்கு ஒரு வருடம் போல இருந்தது. பிறகு கண்கள் கீழே இறங்கின.

"இல்லையா? நிஜமா? காய்ச்சல்ல உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

மேலே போயின.

அக்கா அவர் மார்பில் தலையை வைத்து அழுதார். பிறகு சிரித்தார். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நர்ஸைத் திட்டினார், போவாடுவைத் திட்டினார், என் பிள்ளைக்கு இந்தக் கஞ்சியா கொடுக்கறீங்க என்று என்னைத் திட்டினார். குழாயை எடுக்கிற பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் சந்தைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எல்லோரும் போன பிறகு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உதடு காய்ந்திருந்தது. தம்ளரைக் கையில் எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தது. எனக்கு அப்போது புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன். பெண்டாட்டி என்றால் கேட்கத்தான் செய்வாள்.

"அன்னிக்கு நீங்க இருந்தீங்கதானே?"

மேலே போயின.

"எல்லாம் கேட்டுச்சா? அக்கா சொன்னது, போட்டோ, பல்லு, எல்லாம்?"

மேலே.

"அப்புறம் ஏன் அக்காகிட்ட இல்லேன்னு சொன்னீங்க?"

அதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்கள் என் முகத்தில் நின்றன. இருந்தவர்தான் இல்லை என்று பொய் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போவாடு தேடின சாட்சி இதுதான், அது என் கையில் கிடைத்தது, அதை நான் யாரிடமும் காட்ட முடியாது. காட்டினால் அக்கா உயிரோடு இருக்க மாட்டார். தனக்கென்று உள்ளே ஒருவரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்த மனிதர், உள்ளே இருந்தபடி அதே சொல்லைத் தன் அக்காவுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். நான் அவர் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு பெரிய இருட்டில் அத்தனை நாள் தனியாகக் கிடந்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து நைல் நதிக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் உதட்டைத் தண்ணீரால் துடைக்க நான் யாரையும் விடவில்லை. எண்ணெய் தடவினேன்.

முதல் மழை பெய்து புழுதி அடங்கின சமயத்தில் நெஞ்சுச் சளி திரும்ப வந்தது. இந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அவர் காதுபடவே, அவரிடமே சொன்னாள். வேறு மருந்து வேண்டுமா என்று கேட்டாள். அவர் கீழே பார்த்தார்.

அக்கா வந்தார். போவாடு வந்தார். ஜன்னலுக்கு வெளியே பகல் வெளிச்சத்திலேயே மழை கொட்டியது. பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அக்கா புதுத் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து குனிந்தார்.

"அன்னிக்குக் கொடுத்தது உனக்குத் தெரியவே தெரியாது. அதனால அது கணக்குல இல்ல" என்றார் மெதுவாக. "இப்ப உன்னைக் கேட்டுட்டுக் கொடுக்கறேன். தரட்டுமாடா?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார், கண்கள் மேலே போயின.

"வேணுங்கறான், பாத்தியா!" என்றார் அக்கா கண்ணீரும் சிரிப்புமாக. தம்ளர் உதட்டை நெருங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா துளித் துளியாக விட்டுக்கொண்டே சொன்னார். குடி. குடிச்சுட்டுப் போ. திரும்பிப் பார்க்காதே. இனிமே இது உன் வீடு இல்ல. ஒரு வார்த்தையும் விடவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. கண் மறுபடி திறக்கவில்லை.

"பாரு பிராகோ" என்றார் அக்கா, அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. "எவ்வளவு நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டான்."

"ஆமாக்கா" என்றேன்.